கையால் இயங்கும் நீர்ப்பூட்டு: படகை உண்மையில் யார் தூக்குகிறார்கள்?

உங்கள் கேள்வி இது: மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல், கரையில் நிற்கும் இரண்டு பேர் பல டன் எடையுள்ள படகை மூன்று மீட்டர் உயரம் ஏற்றிவிடுகிறார்களே, எப்படி? இதை யார் கண்டுபிடித்தது? இத்தனை வசதி வந்த பிறகும் சில ஆறுகளில் ஏன் இன்னும் கையாலேயே இயக்குகிறார்கள்?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த இரண்டு பேரும் படகைத் தூக்கவே இல்லை. மேலேயிருந்து தண்ணீரை உள்ளே விடுகிறார்கள், பிறகு காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு சரிவில் ஓடுகிறது. கோடையில் சில இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும், சில இடங்களில் பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும். இரண்டிலும் படகு ஓட்ட முடியாது. ஆற்றின் குறுக்கே இடைவெளி விட்டுத் தடுப்பணைகள் கட்டினால் ஒவ்வொரு அணைக்குப் பின்னாலும் தண்ணீர் ஆழமாகவும் அமைதியாகவும் தேங்கி நிற்கும். சரிவாக இருந்த ஆறு படிக்கட்டாக மாறிவிடும். படியின் மேல் படகு சுகமாகப் போகும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படி ஏறுவது என்பதுதான் சிக்கல். அதற்காக அணையின் ஓரத்தில் கட்டுவதுதான் நீர்ப்பூட்டு, படகுக்காரர்கள் சொல்லும் ‘லாக்’. இருபுறமும் கல் சுவர், மேல்பக்கம் ஒரு ஜோடிக் கதவு, கீழ்ப்பக்கம் ஒரு ஜோடிக் கதவு. நடுவில் இருப்பது படகு நிற்கும் தொட்டி.

படகு கீழேயிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டம் கீழ் ஆற்றின் மட்டத்தில் இருக்கிறது, கீழ்க்கதவுகள் திறந்திருக்கின்றன. படகு உள்ளே வந்ததும் அவற்றைச் சாத்துகிறார்கள். கீழ்ப்பக்க மதகுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேல்பக்க மதகுகளைத் திறக்கிறார்கள். கதவிலேயே அமைந்த சிறு திறப்பும், கதவைச் சுற்றிச் சுவருக்குள் போகும் சுரங்க வழியும்தான் மதகு எனப்படுகின்றன. இரண்டையும் அடைத்திருப்பது ஒரு பலகை. பலகையோடு செங்குத்தான பல்சட்டம் ஒன்று சேர்ந்திருக்கும், அதைப் பல்சக்கரம் கவ்வியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் பலகை மேலே எழும், தண்ணீர் உள்ளே பாயும், தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். தொட்டியும் மேல் ஆறும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவைத் தள்ளித் திறந்தால் படகு வெளியே போய்விடும். இறங்கும் படகுக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும்.

இதில் பம்ப் எங்கும் கிடையாது. தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழேதான் போகிறது, படகு ஏறும்போதும் அப்படித்தான். 1914-இல் திறந்த பனாமா கால்வாய் தொடக்கத்திலிருந்தே மின்சாரத்தில் இயங்குகிறது. ஆனாலும் அங்கே மின்சாரம் அசைப்பது கதவுகளையும் மதகுகளையும்தான், தொட்டிகளை நிரப்புவது அங்கேயும் புவியீர்ப்புதான்.

இன்னொரு விஷயம் பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். படகின் எடை இந்தக் கணக்கிலேயே வராது. 50 டன் சரக்குப் படகு உள்ளே வரும்போதே தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தொட்டியிலிருந்து வெளியே தள்ளிவிட்டுத்தான் வருகிறது. அதன்பின் நீர்மட்டத்தை மூன்று மீட்டர் உயர்த்த எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ, அதே அளவுதான் ஒற்றை ஆள் உட்கார்ந்த சிறு துடுப்புப் படகுக்கும் வேண்டும். கனடாவின் ரிடோ நீர்வழியில் ஒரு தொட்டி 134 அடி நீளம், 33 அடி அகலம். அதில் மட்டத்தை மூன்று மீட்டர் ஏற்ற 12 லட்சம் லிட்டருக்கு மேல் தேவைப்படும், அதாவது 1,200 டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர். அதை நகர்த்த மனிதர் செலவழிக்கும் உழைப்பு மதகுப் பலகைகளை உயர்த்துவது மட்டும்தான்.

அப்புறம் கதவு. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். மூடிய நிலையில் இரண்டு கதவுகளும் நேர்கோட்டில் நிற்பதில்லை. நடுவில் சந்திக்கும் இடம், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் பக்கம் நோக்கி லேசாகக் கூர்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் படுத்த கூரை மாதிரி தெரியும். தண்ணீர் அழுத்த அழுத்த இரண்டு கதவுகளின் விளிம்புகளும் ஒன்றோடொன்று இன்னும் இறுகும். தனியாகத் தாழ்ப்பாளோ கொக்கியோ வேண்டாம், பூட்டுவது தண்ணீரேதான். தொட்டி நிரம்பியிருக்கும்போது கீழ்க்கதவு ஒன்றின் மேல் விழும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்ட வித்தியாசம் மூன்று மீட்டர், கீழ் ஆற்றின் ஆழம் ஒன்றரை மீட்டர், கதவின் அகலம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் என்றால் ஏறத்தாழ 50 டன் வருகிறது. அந்தக் கதவை எந்த மனிதனும் அசைக்க முடியாது. சரி, வித்தியாசம் வெறும் 5 சென்டிமீட்டர்தான் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், கதவின் மேல் சுமார் 400 கிலோ அழுத்தம் இருக்கும். வித்தியாசம் முழுவதும் மறைந்த பிறகு, ஒருவர் முதுகைக் கொடுத்துத் தள்ளினாலே கதவு நகரும்.

ஆக, கையால் இயங்கும் லாக்கில் அவசரப்பட்டுக் கதவைத் திறப்பது என்பதே நடக்காது. மோட்டார் வைத்த கதவில் அந்தத் தவறைச் செய்யாதபடி தனியாகக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். கைக்கதவில் மனித உடம்பின் பலவீனமே அந்தக் கட்டுப்பாட்டு வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் மேலே, இன்றும் கையால் தள்ளும் கதவுகள்தான். லாக்கைக் கவனித்துக்கொள்ளும் காவலர் பணியில் இல்லாத நேரங்களில் படகுக்காரர்களே இயக்கிக்கொள்ளலாம். அங்கே நான் முதன்முதலில் கதவு தள்ளிய அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கதவின் தலையிலிருந்து கரைப்பக்கம் நீண்டிருக்கும் கனமான தள்ளுமரத்தில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன், அப்போதும் அசையவில்லை. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. பக்கத்துப் படகிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர், தள்ளுவதை நிறுத்திவிட்டு மரத்தின் மேல் சும்மா சாய்ந்து நிற்கச் சொன்னார். நின்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும். முதுகுக்குப் பின்னால் மரம் தானாகவே மெல்ல விலகத் தொடங்கியது. கதவு இளகும் அந்தக் கணத்தை உடம்பில் உணர்ந்தது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

கடைசியில் ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதகு வழியே பாயும் வேகம், மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தொடக்கத்தில் வித்தியாசம் அதிகம், தண்ணீர் சீறும். வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும். மதகு முழுவதும் திறந்தே இருக்கிறது என்று கொண்டால், நிரம்புவதற்கு ஆகும் மொத்த நேரத்தில் பாதி போனபோதே தொட்டியில் முக்கால் பங்கு உயரம் நிரம்பிவிடும். மிச்சமிருக்கும் கால் பங்குக்கு மறுபாதி நேரம் தேவை. பழக்கமில்லாதவர்கள் பொறுமை இழப்பது சரியாக அந்த மறுபாதியில்தான்.

இனி வரலாறு. இரட்டைக் கதவுத் தொட்டி வருவதற்கு முன் ஆறுகளில் ஒற்றைத் தடுப்புதான் இருந்தது. தேம்ஸில் அது இப்படி இருக்கும்: ஆற்றின் அடியில் ஒரு மரம், மேலே ஒரு மரம், இடையில் செங்குத்தாக நிற்கும் கம்புகள், அந்தக் கம்புகளில் சாய்த்து வைத்த கைப்பிடிப் பலகைகள். படகு வந்தால் பலகைகளையும் கம்புகளையும் ஒவ்வொன்றாகக் கையால் உருவி எடுப்பார்கள். தேங்கிய தண்ணீர் வெள்ளமாகப் பாயும். கீழே போகும் படகு அந்தப் பாய்ச்சலோடு சறுக்கிக்கொண்டு இறங்கும். மேலே வரும் படகைக் கயிறு கட்டி, உருளை சுற்றி, பாய்ச்சலுக்கு எதிராக இழுப்பார்கள். படகுகள் கவிழ்ந்தன, ஆட்கள் மூழ்கினார்கள். அது போதாதென்று அந்தத் தண்ணீர் ஆலைக்காரருக்கும் வேண்டும். மாவு அரைக்கும் சக்கரத்தை ஓட்டச் சேர்த்து வைத்த தண்ணீரை ஒரு படகுக்காகத் திறந்துவிட்டால், மறுபடி சேரும் வரை ஆலை நிற்கும். எனவே படகுக்காரர்கள் காசு கொடுத்துவிட்டு, திறப்பதற்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்ததும் உண்டு. ஆற்றில் தடுப்பு வைப்பதைப் பற்றிய சண்டை இதையும்விடப் பழையது. 1215-இல் இங்கிலாந்து அரசர் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா சாசனத்திலேயே தேம்ஸ், மெட்வே ஆறுகளில் உள்ள மீன்பிடித் தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது.

தொட்டி முறைக்கு முதல் தெளிவான சான்று கிடைப்பது சீனாவில். 984-இல், சோங் வம்சக் காலத்தில், ஹுவாய்நான் பகுதியின் போக்குவரத்து அதிகாரியாக இருந்தவர் சியாவ் வெய்யுவே. பெருங்கால்வாயில் மட்டம் மாறும் இடங்களில் அதுவரை சாய்தளம் அமைத்து, படகுகளைக் கயிற்றால் தரைமேல் இழுத்துத்தான் அந்தப் பக்கம் இறக்குவார்கள். வரித் தானியம் ஏற்றிய படகுகள் அதில் அடிக்கடி உடைந்தன. உடைந்த படகிலிருந்து தானியம் திருடு போனது, அங்கே வேலை செய்தவர்களே திருடர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். சியாவ் இரண்டு கதவுகளை ஐம்பது அடிவைப்புக்கு மேல் இடைவெளி விட்டுக் கட்டினார், அதாவது சுமார் 75 மீட்டர். மேலேயிருந்து தொங்கும் கதவுகள் அவை. நடுப்பகுதி முழுவதற்கும் கூரை போட்டிருந்தார்கள். கவனித்தீர்களா? இவ்வளவு அழகான பொறியியல் பிறந்ததற்கு ஒரு காரணம் தானியத் திருட்டு.

அடுத்த நூற்றாண்டில் அறிஞர் ஷென் குவா, ஜென்ஜோ என்ற ஊரில் கட்டிய இன்னொரு நீர்ப்பூட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அது வந்தபின் ஆண்டுதோறும் 500 பேரின் உழைப்பும் 12.5 லட்சம் காசும் மிச்சமானதாம். தரைமேல் இழுக்கத் தேவையில்லை என்றானதும் படகுகளும் வரவரப் பெரிதாயின. உழைப்பு மிச்சமானதைவிட இதைத்தான் நான் பெரிய பலன் என்பேன். படகு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அதன்பின் முடிவு செய்தது மனிதரின் தசை வலிமையல்ல, தொட்டியின் நீளம்.

ஐரோப்பாவில் நெதர்லாந்தின் விரேஸ்வைக்கில் 1373-இல் ஒரு தொட்டி வந்தது. மிலான் பேராலயத்துக்கான பளிங்குக் கற்களை நீர்வழியாகவே நகருக்குள் கொண்டுவர, 1430-களின் இறுதியில் வியாரென்னா நீர்ப்பூட்டைக் கட்டினார்கள். அந்தக் காலத்துக் கதவுகள் பெரும்பாலும் செங்குத்தாக மேலே தூக்குபவை. அகலம் கூடினால் தூக்குவது கஷ்டம், உயரமான படகு அடியில் நுழையவும் முடியாது. மேலே சொன்ன கூர்க்கதவை லியோனார்டோ டாவின்சியோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். மிலானின் சான் மார்க்கோ பகுதி நீர்ப்பூட்டுக்கு, கதவிலேயே சிறு மதகு வைத்து அவர் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. 500 ஆண்டுகள் ஆகின்றன, அடிப்படை மாறவே இல்லை. பனாமாவில் 1914-இல் திறந்த பழைய லாக்குகளில் இருப்பவையும் கூர்க்கதவுகள்தான். தேம்ஸில் 1630-களில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே இஃப்லி, சாண்ட்ஃபோர்டு போன்ற இடங்களில் முதல் தொட்டிகள் கட்டினார்கள். ஆனால் பழைய பலகைத் தடுப்புகள் அத்தனையும் மறைய அதன்பின் 300 ஆண்டுகள் பிடித்தன.

கையால் இயங்கும் ஆற்று லாக்குகளை அவற்றின் முழுப் பெருமையோடு பார்க்க வேண்டுமானால், நான் கைகாட்டும் இடம் கனடாவின் ரிடோதான். ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். பெயர் கால்வாய் என்றாலும் வெட்டிய பகுதி கொஞ்சம்தான், பெரும்பகுதி ஆறுகளையும் ஏரிகளையும் அணை கட்டி இணைத்தது. அமெரிக்காவோடு 1812-இல் தொடங்கிய போருக்குப் பிறகு, அமெரிக்க எல்லையை ஒட்டி ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை நம்பியிருக்க முடியாது என்று பிரிட்டிஷ் ராணுவம் நினைத்தது. லெப்டினன்ட் கர்னல் ஜான் பை 1826-இல் வேலையைத் தொடங்கி 1832-இல் முடித்தார். முதலில் திட்டமிட்ட தொட்டிகள் 100 அடிக்கு 20 அடி என்ற சிறிய அளவுதான். நீராவிப் படகுகளின் காலம் வந்துவிட்டது என்று வாதாடி 134-க்கு 33 அடியாக அவர் மாற்ற வைத்தார். கடைசியில் செலவு எல்லை மீறிவிட்டது என்று அவரை இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்து விசாரித்தார்கள். சில ஆண்டுகளில், 1836-இல், இறந்துபோனார். அவர் கட்டியதை 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கட்டும்போது சதுப்பு நிலக் காடுகளில் ஏறத்தாழ 1,000 பேர் உயிரிழந்ததாக மதிப்பிடுகிறார்கள், மலேரியாவால் மட்டுமே அதில் சுமார் பாதிப் பேர். அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கற்சுவர்களைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் வர முடிந்ததில்லை.

ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குன்றின் பக்கத்தில் எட்டுத் தொட்டிகள் அடுத்தடுத்து ஏறுகின்றன. ஒரு தொட்டியின் மேல்கதவேதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. மேல் தொட்டியிலிருந்து விடும் தண்ணீர் கீழ்த் தொட்டியை நிரப்பும். மொத்த ஏற்றம் சுமார் 24 மீட்டர், கடக்க ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். அங்கே தள்ளுமரத்துக்குப் பதில், கரையில் பதித்த சங்கிலி உருளைகள்தான் கதவை இழுக்கின்றன. பணியாளர்கள் நீண்ட கைப்பிடிகளைப் பிடித்துச் சுற்றுவார்கள். கதவின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், ஒன்று முந்தினால் கூர் சரியாகச் சேராது.

ஏன் இன்னும் கையால் என்ற கேள்விக்கு வருகிறேன். பாரம்பரியத்தைப் பேணுவதற்காக என்பது இன்றைய காரணம். அதற்கு முந்தைய காரணம் வேறு. செயின்ட் லாரன்ஸில் பெரிய லாக்குகளும் பிறகு ரயிலும் வந்ததும் ரிடோவின் சரக்குப் போக்குவரத்து அங்கே போய்விட்டது. வருமானம் இல்லாத இடத்தில் மோட்டார் பொருத்த யாரும் பணம் போடவில்லை. இன்றும் மூன்று நிலையங்களைத் தவிர மற்ற எல்லாம் கையால்தான். தேம்ஸின் மேல்பகுதியிலும் படகு நெரிசல் குறைவு. அமெரிக்காவின் ஒஹையோவில் மஸ்கிங்கம் ஆற்றில் 1841 வாக்கில் முடித்த லாக்குகளும் இதே போலத்தான் பிழைத்துக் கிடக்கின்றன. போட்டியில் தோற்ற ஆறுகளில்தான் பழைய முறை மிஞ்சியது.

அதோடு கையால் இயக்குவது ஒன்றும் கெட்டுப்போன முறையில்லை. கதவு மரம், சட்டம் இரும்பு, எதில் பழுது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஓக் மரக் கதவு சுமார் 25 ஆண்டு தாங்கும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி கெடுவதில்லை, நனைந்தும் காய்ந்தும் மாறும் பகுதிதான் முதலில் உளுக்கும்.

நீங்களே இயக்கப் போகிறீர்கள் என்றால் சில எச்சரிக்கைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகப் பெரிய ஆபத்து இறங்கும்போதுதான். மேல்கதவுக்கு அடியில் ஒரு கல் வாசற்படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது தெரியாது. படகின் பின்பக்கம் அதன் மேல் நின்றால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் படியில் மாட்டிக்கொள்ள, முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். பல இடங்களில் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்பக்கமும் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழ்க்கதவுப் பக்கமாகவே இருக்கும்படி நிறுத்துங்கள். இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. கரைக் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றி, கையில் பிடித்து விட்டுக்கொண்டே வர வேண்டும். முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கும்.

ஏறும்போது பயம் வேறு. மேல்மதகை ஒரேயடியாகத் திறந்தால் பாய்ச்சல் படகை முன்னும் பின்னும் அடிக்கும். சுவருக்குள் போகும் வழியை முதலில் பாதி திறங்கள், படகு அடங்கியபின் முழுவதும், கதவிலுள்ள மதகைக் கடைசியில். கைப்பிடியைப் பற்றி ஒன்று: பல்சக்கரத்தில் ஒரு தடுப்பு நாக்கு விழுந்து பலகையைத் தாங்கியிருக்கும். அது நழுவினால் பலகை விழும் வேகத்தில் கைப்பிடி வெறிபிடித்தது போலச் சுழலும். மணிக்கட்டு முறியும், பறந்து வந்து தலையில் அடித்ததும் உண்டு. சுற்றி முடித்த உடனே கைப்பிடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்று லாக்குக்கே உரிய ஒன்றும் உண்டு. மேட்டைத் தாண்டும் கால்வாயில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொட்டித் தண்ணீர் செலவாகிறதே என்ற கவலை இருக்கும். ஆற்றில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, கவலையெல்லாம் தண்ணீர் அதிகமாகும்போதுதான். மழைக்காலத்தில் பக்கத்து அணையில் பாயும் நீரோட்டம் படகை அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் வெள்ளம் வந்தால் லாக்கை மூடிவிடுவார்கள். அணைக் கதவுகளை எத்தனை ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று பார்ப்பதும் அந்த லாக் காவலர்தான். கதவு திறந்துவிடுவது அவர் வேலையில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும். இரவு மழை பெய்தால் எழுந்து போய் மட்ட அளவுகோலைப் பார்ப்பதும் அவர் வேலையே.